முதியோர் இல்லத்தில் யாருக்கு யார் தேவைப்படுகிறார்கள்?

பெற்றோருக்காக முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். மருத்துவர் எந்தெந்த நாள் வருவார், இரவில் கூப்பிட்டால் ஆள் வருமா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, சாப்பாடு எப்படி. எல்லாம் கேட்டே ஆக வேண்டியவைதான். ஆனால் அங்கே குடியேறப் போகிறவரின் ஒவ்வொரு நாளும் எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி ஒன்று அந்தப் பட்டியலில் விட்டுப்போகிறது: காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை, அவரால் இன்னொருவருக்கு ஆக வேண்டிய காரியம் ஏதாவது அங்கே இருக்கிறதா?

ஒரே கூரையின்கீழ் ஐம்பது பேர் இருப்பதால் மட்டும் அது சமூகமாகிவிடாது. ஒருவரிடமிருந்து ஒருவர் எதையாவது பெறவும், ஒருவருக்கு ஒருவர் எதையாவது கொடுக்கவும் தொடங்கினால்தான் அது சமூகம். அப்படித் தொடங்கவைக்கும் சூழல் எது, தடுக்கும் சூழல் எது என்பதைக் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளாகப் பலர் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2030இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார். 2020இல் 100 கோடியாக இருந்த இந்த வயதினரின் எண்ணிக்கை 2050இல் 210 கோடியாகும். இவர்களில் பெரும்பாலோர் வீடுகளிலேயே இருப்பார்கள் என்றாலும், இல்லங்களுக்குப் போகிறவர்களும் குறைவாக இருக்க மாட்டார்கள். போன பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

1950களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 முதியோர் இல்லங்களுக்குப் போய் விசாரித்தார். ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கிய விடுதிகளுக்குப் பின்னாலிருந்த பழைய சட்டம் 1948இலேயே முடிவுக்கு வந்திருந்தது. ஆனால் அந்தக் கட்டடங்கள் அப்படியே நின்றன, முதியவர்கள் பலர் அவற்றில்தான் இன்னும் வசித்தார்கள். 1962இல் வெளியான அவருடைய முடிவுகள் கடுமையானவை. உணவும் படுக்கையும் கிடைத்தன. ஆனால் செய்வதற்கு உருப்படியான வேலை எதுவும் இல்லை, தனிமைக்கு இடம் இல்லை, வெளியே இருந்த உறவும் நட்பும் அறுந்துபோயிருந்தன. உள்ளே புதிதாக உருவான உறவுகளோ நூலிழை போல இருந்தன. இத்தனை பேர் நடுவில் இருந்தும் பலர் தனியாக இருந்தார்கள். இந்த மாதிரி இல்லங்களே வேண்டாம், முதியவர்கள் தங்கள் வீட்டில் வாழ உதவுங்கள் என்பதுதான் அவருடைய பரிந்துரை.

ஏன் அப்படி ஆகிறது? பக்கத்து அறையில் தன் வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். பேசுவதற்கு நேரமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. பின்னே ஏன் பழகுவதில்லை?

ஒரு காரணம், பலர் அங்கே தாமாக விரும்பி வந்தவர்கள் இல்லை. இன்னொரு காரணம் பயம். பக்கத்து அறைக்காரரின் தள்ளாமையைப் பார்க்கும்போது நாளைக்கு நமக்கும் இதுதானோ என்று தோன்றும், கொஞ்சம் விலகியே இருக்கத் தோன்றும். ஆனால் நான் முக்கியமாக நினைப்பது மூன்றாவது காரணத்தை. இல்லத்தில் எல்லாவற்றையும் பணியாளர்களே செய்துவிடுகிறார்கள். தண்ணீர் வேண்டுமானால் பணியாளரைக் கூப்பிட வேண்டும். கண்ணாடியைக் காணோம் என்றாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். பக்கத்து அறைக்காரரிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை, அவரும் நம்மிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை. வெளியே அக்கம்பக்கத்தாரின் உறவு எப்படித் தொடங்குகிறது? ஒரு ஏணியை இரவல் கேட்பதில், ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவைப்பதில். இல்லத்தின் நல்ல ஏற்பாடுகளே அந்த வழியை மூடிவிடுகின்றன. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பதும் கடினமாக இருக்கிறது.

டவுன்சென்ட் பார்த்ததற்கு நேர் எதிரான ஒன்றைப் பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆர்லி ஹாக்‌ஷைல்ட் பார்த்தார். இவரும் சமூகவியலாளர். குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கான ஒரு குடியிருப்பில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கான உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, அங்கே நடப்பதைக் கூர்ந்து கவனித்தார். மொத்தம் 43 பேர், அதில் பெரும்பாலோர் கணவரை இழந்த பெண்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சிறிய வீடு. 1973இல் அவர் எழுதி வெளியிட்டதைப் படித்தால், முதுமை பற்றி நாம் பொதுவாக நினைத்து வைத்திருப்பதில் பாதி உதிர்ந்துவிடும்.

ஆரம்பத்தில் அங்கே ஒன்றும் இல்லை. பார்த்தால் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். பிறகு ஒருவருடைய மகள் பொது அறைக்கு ஒரு காபி இயந்திரம் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள். அப்புறம் கைவேலைக்கு ஒரு குழு, அதற்குப் பொறுப்பாளர்கள், கூட்டங்கள், அந்தக் கூட்டங்களில் சண்டைகள் என்று வளர்ந்தது. ஹாக்‌ஷைல்ட் போய்ச் சேர்ந்த காலத்தில் அது ஒரு முழுச் சமூகமாக இருந்தது. காலையில் எழுந்ததும் ஒவ்வொருவரும் சன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி வைப்பார்கள். அந்த வழியாகப் போகிறவர்களுக்கு உள்ளே எல்லாம் நலம் என்று அதுவே அடையாளம். பகல் ஏறியும் ஒரு வீட்டின் திரை விலகவில்லை என்றால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். இதை எந்த நிர்வாகியும் ஏற்பாடு செய்யவில்லை. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பது மற்றவர்களுடைய வேலையாக இருந்தது. தன்னுடைய திரையையும் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பது அந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த உறவுக்கு ஹாக்‌ஷைல்ட் சொல்லும் விளக்கம் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. பெற்றோர், பிள்ளை உறவில் ஒருவர் கொடுக்கிறவர், இன்னொருவர் பெறுகிறவர். வயதானபோது அந்த இடங்கள் மாறுகின்றன, பெற்றோர் பெறுகிறவர்கள் ஆகிறார்கள். அது எத்தனை அன்பான பிள்ளையாக இருந்தாலும் மனசை அரிக்கும். ஆனால் உடன்பிறந்தவர்களுக்குள் கணக்கு வேறு. இருவரும் ஏறக்குறைய ஒரே நிலை, ஒரே காலத்தைப் பார்த்தவர்கள், இன்றைக்கு நீ செய்தால் நாளைக்கு நான். அந்தக் குடியிருப்பில் உருவானது உடன்பிறப்பு உறவுக்கு நெருக்கமான ஒன்று. அதனால்தான் அடிக்கடி வந்து பார்க்கும் பிள்ளைகள் இருந்தவர்களுக்கும் அது தேவைப்பட்டது. பிள்ளைகள் இல்லாத குறையை நிரப்ப வந்த மாற்று ஏற்பாடாக அதைப் பார்த்தால் தவறாகப் புரிந்துகொள்வோம். பிள்ளைகளால் தர முடியாத ஒன்றை அது தந்தது.

சரி, எல்லாம் இனிமையாக இருந்ததா? இல்லை. அங்கே ஒரு மேல், கீழ் இருந்தது. உடல் நன்றாக இருப்பவர், பிள்ளைகள் உயிரோடும் அருகிலும் இருப்பவர், கணவரை இழக்காதவர் எல்லாம் ஒரு படி மேலே. அந்த அதிர்ஷ்டம் குறைந்தவரைப் பார்த்து ‘பாவம்’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அந்தப் ‘பாவம்’ மேலிருந்து கீழேதான் போகும், ஒருபோதும் கீழிருந்து மேலே போகாது. பாவம் என்று சொல்லப்பட்டவரும் தனக்குக் கீழே ஒருவரைக் கண்டுபிடித்து அதையே சொல்வார். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து, படுக்கையில் கிடப்பவர்களுக்கான பராமரிப்பு இல்லத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்கள். வசதியான இல்லங்களிலும் இதே ஏணி வேறு வடிவத்தில் இருக்கிறது. நடப்பவர், நடைச்சட்டம் பிடிப்பவர், சக்கர நாற்காலிக்காரர். பிள்ளை வந்து போகிறவர், வராதவர். நினைவு தெளிவாக இருப்பவர், தடுமாறுகிறவர். சாப்பாட்டு அறையில் யார் எந்த மேசையில் உட்காருகிறார்கள் என்று இரண்டு வேளை பார்த்தால் போதும், முழு வரைபடமும் தெரிந்துவிடும். புதிதாக வந்தவரை ‘இது என் இடம்’ என்று எழுப்பிவிடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். வீட்டையும் தெருவையும் விட்டுவிட்டு வந்த முதல் வாரத்தில் அது ஒருவரைப் பல நாள் அறைக்குள்ளேயே முடங்க வைத்துவிடும். நிர்வாகங்கள் இதைக் குழந்தைச் சண்டை என்று ஒதுக்குவது பெரிய பிழை.

ஆனால் சண்டையே வரக் கூடாது என்று நினைப்பதும் சரியில்லை. 1970களில் கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் இருந்த யூத முதியோர் மையம் ஒன்றில் பழகி எழுதிய மானுடவியலாளர் பார்பரா மயர்ஹாஃப், அங்கே நடந்த ஓயாத சச்சரவுகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் கண்ட வரையில், கோபப்படுகிற மனிதர் இன்னும் அந்த இடத்தோடு ஒட்டியிருக்கிறார். எதிராளியின் கருத்து அவருக்கு முக்கியம், தன்னை மற்றவர் கவனிக்க வேண்டும் என்பதும் முக்கியம். எதற்கும் யாரோடும் வாக்குவாதம் செய்யாத இல்லம் அமைதியான இல்லமாகத் தெரியலாம். அந்த அமைதியைப் பார்த்தால் கவலைப்பட வேண்டும் என்றே சொல்வேன்.

கொடுப்பதும் பொறுப்பேற்பதும் உடலையே பாதிக்கிறதா என்று கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. உளவியலில் அதை அறியாதவர்கள் குறைவு. 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் அதை நடத்தினார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிச் செலவிடுவது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொன்னார்கள். ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு தளத்தில், உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று சொல்லிச் செடியைக் கொடுத்து, செவிலியர்கள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் தளத்தில் 93 சதவீதம் பேரிடம் பொதுவான முன்னேற்றம் தெரிந்தது, இரண்டாவது தளத்தில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் முன்பைவிடத் தளர்ந்திருந்தார்கள். 18 மாதங்களில் இறந்தவர்கள் முதல் குழுவில் 15 சதவீதம், இரண்டாவதில் 30 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணைப் பலர் பெரிதாக மேற்கோள் காட்டுகிறார்கள், அங்கே கொஞ்சம் நிதானம் தேவை. பங்கேற்றவர்கள் நூறு பேருக்கும் குறைவு. இறப்பு பற்றிய புள்ளியியல் கணக்கில் பிழை இருந்ததாக ஆய்வாளர்களே பிறகு திருத்தம் வெளியிட்டார்கள், திருத்திய பிறகு அந்த வித்தியாசம் அத்தனை உறுதியானதாக நிற்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆயுள் கூடும் என்று சொல்ல முடியாது. ஆனால் உற்சாகத்திலும் நடமாட்டத்திலும் மற்றவர்களோடு பழகுவதிலும் தெரிந்த மாற்றத்தை நாம் ஒதுக்கத் தேவையில்லை. அந்த இரண்டாவது தளத்தில் யாரும் யாரையும் மோசமாக நடத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அன்பாகச் சொன்னார்கள், அவ்வளவே.

நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் 1991இல் பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் இதை இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தார். 80 பேர் வசித்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் மருத்துவராகச் சேர்ந்தவர் அவர். அங்கே தனிமை, இயலாமை, சலிப்பு என்ற மூன்றையும்தான் உண்மையான நோய்களாக அவர் கண்டார். இவற்றுக்கு மாத்திரை கிடையாது. அதனால் இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு பறவைகளையும் உள்ளே கொண்டுவர அனுமதி வாங்கினார். பறவைகள் வந்த அன்று கூண்டுகள் தயாராகவில்லை. கொண்டுவந்தவர் பறவைகளை முடி திருத்தும் அறைக்குள் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். பணியாளர்கள் கூண்டுகளைப் பொருத்திப் பறவைகளைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தைக் கண்ணாடிக்கு வெளியே கூடிய முதியவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் குழப்பம் ஒரு நல்ல ஆரம்பமாக அமைந்தது. பேசாதவர்கள் என்று நினைத்திருந்தவர்கள் பேசினார்கள். நடக்க முடியாதவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்தவர்கள் வந்து நாயை நான் வெளியே கூட்டிப்போகிறேன் என்றார்கள். அருகிலிருந்த வேறொரு இல்லத்தோடு ஒப்பிட்டபோது இங்கே ஒருவருக்குத் தேவைப்பட்ட மருந்துகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது.

பாதுகாப்பு, சுகாதாரம், ஆள் பற்றாக்குறை என்று தாமஸுக்கும் நூறு ஆட்சேபணைகள் சொல்லப்பட்டன. இவை பொய்யான ஆட்சேபணைகள் இல்லை. ஒரு முதியவர் காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டால் கேள்வி பணியாளரை நோக்கித்தான் வரும். விழுந்தால் குடும்பம் கோபப்படும், அதிகாரிகள் அறிக்கை கேட்பார்கள். ஒருவர் தன் படுக்கையைத் தானே விரித்துக்கொள்ள இருபது நிமிடம் ஆகும், பணியாளர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். குறைந்த சம்பளத்துக்கு ஒரே நேரத்தில் பத்துப் பேரைக் கவனிக்கும் ஒருவரிடம் அந்த இருபது நிமிடத்தைக் கேட்பது நியாயமா என்றும் யோசிக்க வேண்டும். ஆக, இது பணியாளரின் மனப்பான்மை சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்தால் எதுவும் மாறாது. ஆள் எண்ணிக்கையும், சின்னச் சின்ன ஆபத்துகளை ஏற்றுக்கொள்ளும் துணிவும் சேர்ந்துதான் அதை மாற்றும். அந்தத் துணிவு முதலில் குடும்பத்தாருக்கு வர வேண்டும்.

இனி கதைகளுக்கு வருவோம். இல்லத்தில் இருப்பவர்கள் பழங்கதை பேசுவதை வயதின் பலவீனமாக, மூளை தளர்வதன் அறிகுறியாக ஒரு காலத்தில் மருத்துவர்களே பார்த்தார்கள். பழசைக் கிளறாமல் பேச்சை மாற்றுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். மரணம் அருகில் இருக்கிறது என்று உணர்கிற மனிதர் தன் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்து, தீராத கணக்குகளைத் தீர்த்துக்கொள்ள முயல்கிறார், இது இயல்பானது, தேவையானது என்றார். சிலருக்கு இதில் நிம்மதி வரும், சிலருக்குக் குற்ற உணர்வும் துயரமும் வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. முதியவர்களை ஒதுக்கும் மனப்பான்மையை இனப் பாகுபாட்டுக்கு இணையான பாகுபாடாக 1969இல் முதன்முதலில் அடையாளம் காட்டியவரும் இவரே.

வயதானவர்கள் ஏன் எப்போதும் தங்கள் இளமைக் காலத்தையே சொல்கிறார்கள் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. எண்பது வயதுக்காரர் ஒருவரிடம் மனதில் நிற்கும் நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை அதிகம் வரும். முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு வெளியேறியது, திருமணம் எல்லாம் அந்தக் காலத்தில்தான் நெருக்கமாக நடக்கின்றன. ‘நான் யார்’ என்பதும் அப்போதுதான் உருவாகிறது. ஆகவே ஒருவர் தன் இருபது வயதுக் கதையைப் பத்தாவது முறை சொல்லும்போது, தான் யார் என்று நமக்குச் சொல்கிறார். முக்கியமாக, இல்லத்தில் அவரை எண்பது வயதுக்கு முன் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஊரில் அவர் ஆசிரியராக, தச்சராக, சண்டைக்காரராக, கடன் கொடுத்து உதவியவராகத் தெரியப்பட்டவர். இங்கே அவர் 14ஆம் எண் அறைக்காரர். அந்தப் பழைய ஆளை இங்கே கொண்டுவர அவரிடம் கதையைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இதனால் பணியாளருக்கும் பயன் உண்டு, அதுவும் நடைமுறைப் பயன். வாழ்நாள் முழுக்க இரவுப் பணி பார்த்த ஒருவர் நள்ளிரவில் எழுந்து நடைபாதையில் உலாவினால், கதை தெரியாதவர் தூக்க மாத்திரை கேட்பார். தெரிந்தவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து, கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று அவரையே பார்க்கச் சொல்வார். மறதி நோய் முற்றியவர்களைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். அவர்களால் தங்கள் கதையைச் சொல்ல முடியாது, அதை வேறு யாராவது வைத்திருந்து அவர்களுக்காகப் பயன்படுத்த வேண்டும். சேர்க்கும்போது மருந்துப் பட்டியலைக் கவனமாகக் கொடுக்கும் குடும்பங்கள், இரண்டு பக்கத்தில் ஆளின் வாழ்க்கையையும் எழுதிக் கொடுத்தால் அது பல மருந்துகளைவிட உதவும்.

கதை சொல்வதையும் ஒரு கொடையாக மாற்றலாம் என்று காட்டியவர் கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ். மரணத்தை நெருங்கியவர்களிடம் சில கேள்விகள் கேட்டு, பதிலைப் பதிவு செய்து, எழுதி, ஒழுங்குபடுத்தி, அவர்களிடமே வாசித்துக் காட்டித் திருத்தி, பிறகு அவர்கள் விரும்புகிறவருக்குக் கொடுக்கத் தருவது அவருடைய முறை. 2005இல் 100 நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வில் 91 சதவீதம் பேர் இதில் திருப்தி அடைந்ததாகச் சொன்னார்கள், 68 சதவீதம் பேருக்கு வாழ்வில் நோக்கம் இருப்பதான உணர்வு கூடியது. சும்மா கேட்டுவிட்டுப் போகும் பேட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கடைசியில் யாரோ ஒருவர் கையில் அது போய்ச் சேர்கிறது என்பதுதான். பேரப்பிள்ளைக்குக் கொடுக்க என்று தெரிந்தால் ஆள் வேறு மாதிரி பேசுவார்.

இந்த இடத்தில் வெர்டியைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தாலிய இசை மேதை கியூசெப்பே வெர்டி தன் கடைசிக் காலத்தில் மிலான் நகரில் ஓய்வுபெற்ற இசைக்கலைஞர்களுக்காக ஓர் இல்லம் கட்டினார். தன்னைப் போல அதிர்ஷ்டம் வாய்க்காத பாடகர்கள், வாத்தியக்காரர்கள் முதுமையில் வறுமைப்படுவதை அவர் பார்த்திருந்தார். கட்டடம் 1899இல் முடிந்தது. ஆனால் தான் உயிரோடு இருக்கும்வரை திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நன்றி சொல்ல வருகிறவர்களை அவர் விரும்பவில்லை. 1901 ஜனவரியில் அவர் இறந்தார், 1902 அக்டோபர் 10 அன்று, அவருடைய பிறந்தநாளில், முதல் ஆட்கள் குடியேறினார்கள். அவருடைய இசைப் படைப்புகளின் உரிமத் தொகையே பல பத்தாண்டுகள் அந்த இல்லத்தை நடத்தியது. அவரும் அவர் மனைவியும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒரே தொழிலில் வாழ்ந்தவர்கள் சேர்ந்து இருப்பதால் யாரும் யாருக்கும் தன்னைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பியானோக்கள் இருக்கின்றன, பயிற்சி அறைகள் இருக்கின்றன. 1990களின் கடைசியிலிருந்து மிலானில் இசை படிக்கும் இளைஞர்களும் அங்கே தங்குகிறார்கள். எண்பது வயதுப் பாடகி சாப்பாட்டு மேசையில் சொல்லும் மேடை அனுபவம் இருபது வயது மாணவருக்குப் பாடம். தயவுக்காக யாரும் அதைக் கேட்பதில்லை, அவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை.

நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹியூமானிடாஸ் என்ற இல்லம் சில ஆண்டுகளுக்கு முன் ஆறு கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டாராக நடந்துகொள்ள வேண்டும். உடல் பராமரிப்பு அவர்கள் வேலை இல்லை. தேர்வில் தோற்றதையும் காதல் முறிந்ததையும் மாணவர்கள் வந்து சொல்ல, மூட்டு வலி தவிர வேறு பேச்சு அந்த மேசைகளுக்கு வந்தது. அறிவுரை சொல்லும் வாய்ப்பு முதியவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1991 முதல் முதியோர் இல்லத்துக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் நடக்கிறது, அங்கும் இதே கதைதான்.

இளையவர்கள் வந்து போவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர் 1976இல் கல்லூரி மாணவர்களை முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார். முதியவர்களில் சிலர், மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். சிலருக்கு, வரும் நேரம் முன்பே தெரிவிக்கப்பட்டது. சிலரிடம் மாணவர்கள் நினைத்த நேரத்தில் வந்தார்கள். இன்னும் சிலரிடம் யாரும் வரவில்லை. முதல் இரண்டு குழுவினரின் உடல்நிலையும் மனநிலையும் தெளிவாக மேம்பட்டன. நினைத்தபோது வந்த மாணவர்களால் அந்த அளவு பயன் இல்லை. ஆனால் ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, ஆய்வுக் குழு மறுபடியும் போய்ப் பார்த்தது. நன்றாக மேம்பட்டிருந்த அதே இரண்டு குழுக்களும் சரிந்திருந்தன. வருகையே அனுபவிக்காதவர்களிடம் அப்படிச் சரிவு இல்லை. ஒரு நாள் பரிசுப்பொருளோடு கூட்டமாக வந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எல்லோருக்கும் கூட்டம் வேண்டும் என்பதும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் புதிய அறிமுகங்களைக் குறைத்து, மனசுக்கு நெருக்கமான சிலரோடு மட்டும் இருக்க விரும்புகிறார்கள். ஆகவே பகல் முழுக்க விளையாட்டு, பாட்டு, கைதட்டல் என்று நிரம்பிய அட்டவணை ஒருவருக்குத் தண்டனையாகவும் இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறவரை ‘பங்கேற்காதவர்’ என்று குறிப்பேட்டில் எழுதுவது நியாயமில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு நண்பராக இருக்கலாம்.

மரணத்தை எப்படி எதிர்கொள்கிறது என்பதிலும் ஓர் இல்லத்தின் தன்மை தெரிந்துவிடும். பல இடங்களில் யாராவது இறந்தால் மற்றவர்களுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக உடலைக் கொண்டுபோகிறார்கள், மறுநாள் அந்த அறையில் வேறு பெயர் இருக்கும். மற்றவர்கள் மனம் வருந்தக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், எப்போதும் தெரிந்துவிடும். தன்னையும் இப்படித்தான் சத்தமில்லாமல் கொண்டுபோவார்கள் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். ஹாக்‌ஷைல்ட் பார்த்த குடியிருப்பில் மரணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள், சேர்ந்து துக்கம் அனுசரித்தார்கள். சில பராமரிப்பு இல்லங்கள் இப்போது முன்வாசல் வழியாகவே உடலை எடுத்துச் செல்கின்றன, பணியாளர்களும் உடன் வசித்தவர்களும் இரு பக்கமும் நின்று வழியனுப்புகிறார்கள்.

2020இல் பெருந்தொற்றின்போது பல நாடுகளில் இல்லங்களின் கதவுகள் மாதக்கணக்கில் வெளியாட்களுக்கு மூடப்பட்டன. பிள்ளைகள் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று பேசினார்கள். உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனால் பொதுச் சாப்பாட்டு அறையும் மூடப்பட்டது, உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் நின்றது. இவர்களுக்குள் இருந்த உறவும் ஒரு தேவை என்று அந்த விதிகளை எழுதியவர்களில் எத்தனை பேர் நினைத்தார்கள்?

இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்கு, பட்டியலில் சேர்க்க என்னிடம் சில கேள்விகள் இருக்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் போங்கள், யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பாருங்கள். புதிதாக வருகிறவரை முதல் வாரம் மேசைக்கு அழைத்துப் போவது யார் என்று கேளுங்கள். பழைய குடியிருப்பாளர் ஒருவர் என்று பதில் வந்தால் நல்லது. அங்கே வசிக்கிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறதா, அது கேட்டு மாறிய விஷயம் ஒன்றையாவது சொல்ல முடியுமா என்று கேளுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, நூலகத்தைப் பார்த்துக்கொள்வது, புதியவருக்கு வழி காட்டுவது என்று குடியிருப்பவர்கள் பெயரில் நிலையான வேலைகள் உண்டா? கடைசியாக இறந்தவருக்கு என்ன செய்தார்கள்? நிர்வாகியிடம் பேசி முடித்ததும், அங்கே வசிக்கும் ஒருவரோடு தனியாகப் பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள்.

ஏற்கெனவே அம்மாவோ அப்பாவோ இல்லத்தில் இருந்தால், எந்த நாள் எந்த நேரம் வர வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குப் போங்கள். போகும்போது கையில் ஒரு வேலையோடு போங்கள். பிரிக்க முடியாத ஒரு நூல்கண்டு, எழுதத் தெரியாத ஒரு விண்ணப்பம், அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கு முறை, பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் ஒரு குழப்பம், எதுவாக இருந்தாலும் சரி. பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். இருவரும் ஆளுக்கொன்று சொல்லி, உங்களை மறந்துவிட்டு அவர்களுக்குள் வாதம் செய்ய ஆரம்பித்தால் நீங்கள் சத்தமில்லாமல் கிளம்பி வந்துவிடலாம்.